சுருட்டையின் கயிறு

‘சுருட்டையாக இருந்தால் இந்நேரம் ஒரு காதையாவது ஆட்டியிருப்பாள்.’

ரேடியோப் பெட்டியின் தலையில் படிந்திருந்த தூசியைத் துடைத்துக்கொண்டே பழனாத்தாள் இப்படித்தான் நினைத்தாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அடுத்த அறையில் சட்டைப் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்த அவள் புருஷன் அர்த்தநாரி, "சீமைப் பெட்டியையும் எருமையையும் ஒரே தராசுல வெக்கறயே புள்ள" என்று ஆரம்பித்திருப்பான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவனிடம் சொல்லாமல் விட்டதையெல்லாம் மூட்டை கட்டினால் ஒரு வண்டி கொள்ளாது. அவள் அதை வீணாக்கிவிடவுமில்லை. காலையும் மாலையும் பால் கறக்கும்போது சுருட்டையிடம் சொல்லிவிடுவாள்.

சுருட்டை, அவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து சீராக வந்த எருமையின் மகள். கொம்பு இரண்டும் கைமுறுக்குப் போலச் சுருண்டிருக்கும். சொன்னது காதில் விழுந்தது என்றால் இடது காதை ஒரு தடவை ஆட்டும். சொன்னதில் சம்மதமில்லை என்றால் உஸ்ஸென்று மூச்சு விடும். அந்த வீட்டில் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் எழுந்து போகிறவர்கள்தான் அதிகம். சுருட்டை ஒருநாளும் அப்படி எழுந்து போனதில்லை. கட்டிப்போட்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

அந்தச் சுருட்டை இப்போது கோயம்புத்தூரில், ரேடியோக் கடைக்காரர் செங்கோட்டையன் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. அதற்குப் பதிலாக இந்தப் பெட்டி இங்கே நிற்கிறது. இன்றைக்குச் செங்கோட்டையன் கயிறு வாங்க வருகிறார்.

அவர்கள் ஊரான வடகரப்பதிப் பக்கத்தில் மாடோ எருமையோ கைமாறினால், கொடுக்கிறவர் தன் கையால் அதன் பழைய கயிற்றை எடுத்து வாங்குகிறவர் கையில் வைக்க வேண்டும். வைக்கிறவரைக்கும் அது கைமாறினதாகக் கணக்கில்லை. எங்கே நின்றாலும், யார் தீவனத்தைத் தின்றாலும், பழைய வீட்டு மாடுதான்.

போன தை மாதம் அர்த்தநாரி கோயம்புத்தூரில் யார் வீட்டுக் கல்யாணத்திலோ ரேடியோவைக் கேட்டுவிட்டு வந்தான். வந்தவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"மெட்ராஸ்ல ஒருத்தன் தொண்டையைக் கனைக்கறான் புள்ள. இங்க நமக்குக் கேக்குது!"

"அவன் கனைக்கறத நாம எதுக்குங்க கேக்கோணும்?"

அவன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். கனைப்புக்குப் பிறகு பாட்டும் வந்தது என்பதை அவளுக்குப் புரியவைக்க இரண்டு நாள் முயன்றான். மூன்றாம் நாள் நிலக்கடலை மூட்டைகளை வண்டியில் ஏற்றினான். அது போதாது என்று செங்கோட்டையன் சொல்லியனுப்பவே, கண் எருமைக் கொட்டகைப் பக்கம் போயிற்று.

செங்கோட்டையன் பெட்டியோடு நேரிலேயே வந்தார். கறுப்புக் கோட்டு, கறுப்புக் குல்லா. வெயிலில் அவரைப் பார்த்தாலே மற்றவர்களுக்கு வேர்க்கும். பழனாத்தாள் சுருட்டையின் கழுத்திலிருந்து கயிற்றை அவிழ்த்தாள், ஆனால் கொடுக்கவில்லை.

"பெட்டி பேசட்டுமுங்க. அப்புறம் தர்றேன்."

அவர் சிரித்தார். "அம்மிணி, இது சீமையில செஞ்சது. பேச ஆரம்பிச்சா நிறுத்தறதுதான் கஷ்டம். பேசலைன்னா எருமையை நானே ஓட்டிட்டு வந்து இந்த முளைக்குச்சியில கட்டறேன்" என்று ஊரார் பார்க்கக் கைமேல் அடித்துக் கொடுத்தார். பிறகு தான் கொண்டுவந்த புதுக்கயிற்றைச் சுருட்டைக்கு மாட்டி ஓட்டிக்கொண்டு போனார். சுருட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. அதற்குள் வழியில் சோளத்தட்டு கிடந்தது, அதைப் பார்த்தது.

அன்று சாயங்காலம் ஊரே பாயும் தலையணையுமாக வந்து உட்கார்ந்தது. இரண்டு பனைமரங்களுக்கு நடுவே ஏரியல் கம்பி கட்டியாகிவிட்டது. அர்த்தநாரி குளித்து, திருநீறு பூசி, பெட்டியின் காதைத் திருகினான். உள்ளே மங்கலாக வெளிச்சம் வந்தது. எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். பெட்டியும் அடக்கிக்கொண்டது.

"மெட்ராஸ்ல சாப்பிடப் போயிருப்பாங்க" என்றான் அர்த்தநாரி.

சாப்பிட்டுக் கைகழுவி வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம் ஆயிற்று. யாரோ, "காதை வெச்சுப் பாரப்பா" என்றார்கள். அவன் வைத்துப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"கேக்குது, கேக்குது! தூரத்துல வண்டி போற மாதிரி!"

தூரத்தில் வண்டிதான் போயிற்று. வேலந்தாவளம் சந்தையிலிருந்து புளி ஏற்றிக்கொண்டு வந்த வண்டி. அது வாசலைக் கடந்து போனபோது எல்லோரும் பாயைச் சுருட்டினார்கள்.

மறுநாளிலிருந்து அர்த்தநாரி தெருவில் நடந்தால், கள்ளுக்கடைப் பக்கமிருந்து யாராவது "க்ஹும்" என்று தொண்டையைக் கனைப்பார்கள். இன்னொருவன், "அட, மெட்ராஸ்ல இருந்துங்கோவ்!" என்பான். அவன் தலையைக் குனிந்துகொண்டு வருவதைப் பழனாத்தாள் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். பெட்டிமேல் வந்த கோபம் அந்த நேரத்தில் அவன்மேல் இரக்கமாக மாறி, அதற்குப் பிறகு எருமையின் ஞாபகம் வந்து மறுபடியும் கோபமாக மாறும். ஒரு மனுஷிக்குள் இவ்வளவு போக்குவரத்து இருப்பது வெளியில் யாருக்கும் தெரியாது. வெளியில் அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருப்பாள்.

அர்த்தநாரி கோயம்புத்தூருக்கு வண்டி கட்டினான். போகும்போதெல்லாம் செங்கோட்டையனிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது.

முதலில், "பனையில கள்ளு இறக்கறாங்களாண்ணா? அதான். கம்பி வழியா வர்ற சத்தம் கிறங்கிப் போயிருது" என்றார். கம்பியைப் பனையிலிருந்து அவிழ்த்துப் புளியமரத்தில் கட்டினார்கள். பிறகு அடுப்புப் புகைதான் காரணம் என்றார். பழனாத்தாள் அடுப்பைக் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் சமைத்தாள். அதற்குப் பிறகு சொன்னதுதான் பெரிய காரணம்.

"உங்கூரு கொச்சி ராஜாங்கம். பாட்டு வர்றது வெள்ளைக்காரன் சீமையில இருந்து. நடுவுல சுங்கச் சௌக்கை இருக்குதல்லங்கண்ணா? உப்பு, புகையிலையே சும்மா உடமாட்டானுங்க. பாட்டை உடுவானுங்களா?"

அர்த்தநாரிக்கு இது நியாயமாகப் பட்டது. ஒரு வாழைக்குலையைத் தோளில் வைத்துக்கொண்டு சௌக்கைக்குப் போய், அங்கே காவலிருந்த மலையாளத்துச் சிப்பாயிடம் பக்குவமாக விஷயத்தைச் சொன்னான். சிப்பாய் முழுக்கக் கேட்டான். குலையைத் தடவிப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். "நாளெ விடாம்" என்று பெரிய மனது பண்ணினான்.

மறுநாளும் வரவில்லை. குலை மட்டும் தீர்ந்துபோயிற்று.

"ஏனுங்க, பெட்டி செஞ்சவன்மேல தப்பு இருக்கும்னு யாருக்குமே தோணாதுங்களா?" என்று பழனாத்தாள் ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"கப்பல்ல வந்த சாமானு புள்ள!"

‘கப்பலில் எலியும்தான் வருகிறது’ என்று நினைத்துக்கொண்டாள். சுருட்டையிடம் சொல்லியிருந்தால் இதற்குக் கட்டாயம் காதை ஆட்டியிருக்கும்.

நிலைமை மாறியது மருதாத்தாளால். மருதாத்தாள் அர்த்தநாரியின் அண்ணன் மனைவி, இருவருக்கும் ‘நங்கையா’, பக்கத்து வீடு. ஒருநாள் சாயங்காலம் தன் மகனுக்குப் பெண் பார்த்த கதையைச் சொல்ல வந்தாள். அர்த்தநாரி வழக்கம்போலப் பெட்டியைத் திருகிவிட்டு அதன் முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

"கொழிஞ்சாம்பாறைப் புள்ள மூக்கும் முழியுமா இருக்குதாயா. அவங்கய்யந்தான் கொஞ்சம் வாய்க்காரன். இருந்தாலும் அந்தப் புள்ளையவே முடிச்சரலாம்னு..."

ச்சு, ச்சு, ச்சு.

மருதாத்தாள் கையைத் தட்டினாள். "கவுளி சொல்லுது!"

"எங்கீங்க நங்கையா?" என்றாள் பழனாத்தாள்.

"இந்தப் பெட்டிக்குள்ள!"

அர்த்தநாரி துள்ளி எழுந்தான். "கவுளி இல்லீங்க நங்கையா. ரேடியோ! மெட்ராஸ்ல இருந்து சொல்லுது!"

அந்தப் பக்கத்தில் பல்லி சொல்லாமல் ஒரு காரியம் நடக்காது. வயலில் கால் வைப்பதற்கும், பெண்ணெடுப்பதற்கும், கடன்காரன் கண்ணில் படாமல் எந்த வழியாகப் போவது என்பதற்கும் கவுளி சத்தம் வேண்டும். சுவரில் திரிகிற பல்லிக்கே இவ்வளவு மதிப்பென்றால், சௌக்கையைத் தாண்டி மெட்ராஸிலிருந்து வருகிற சகுனத்துக்கு எவ்வளவு இருக்கும்! விடிவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துபோயிற்று. மருதாத்தாள் கொழிஞ்சாம்பாறைப் பெண்ணையே பேசி முடித்து வெற்றிலைபாக்கு மாற்றியே விட்டாள்.

ஜனங்கள் வந்தார்கள். கிணறு எங்கே வெட்டலாம், பங்காளியோடு சமாதானமாகப் போகலாமா, மாமியாரை ஊருக்கு அனுப்பலாமா. அர்த்தநாரி பெட்டிக்குப் பக்கத்தில் தலைப்பாகையோடு உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் அதன் காதைத் திருகுவான். சத்தம் வந்தால், "மெட்ராஸ்ல சரின்னுட்டாங்க." வராவிட்டால், "பாட்டரி இறங்கியிருக்குது, நாளைக்கு வாங்க." தெருவில் இப்போது யாரும் கனைப்பதில்லை. நிஜமாகவே சளி பிடித்தவர்கள்கூட அவனைக் கண்டால் அடக்கிக்கொண்டார்கள்.

பழனாத்தாளுக்கு மட்டும் ஒன்று தெரியும். பெட்டிக்குப் பின்னால் தினமும் அவள் துடைக்கிற தூசியில் அரிசி நீளத்துக்குக் கறுப்பாக, நுனியில் வெள்ளை வைத்த எச்சம் கிடக்கும். வீட்டைத் துடைக்கிற எந்தப் பெண்ணுக்கும் அது என்ன என்று சொல்லித் தர வேண்டியதில்லை. பின்பலகையின் காற்று ஓட்டைகள் வழியாக ஒருநாள் வாலையும் பார்த்தாள். உள்ளே எரிகிற வெளிச்சத்துக்குப் பூச்சி வரும். பூச்சிக்கு இது வந்திருக்கிறது. நன்றாகக் கொழுத்த பல்லி.

ஏன் சொல்லவில்லை என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். புருஷன் தலை நிமிர்ந்து நடக்கிறானே, அதற்காகத்தான் என்று ஒரு பதில் வந்தது. அது நல்ல பதில். வெளியே சொன்னால் நாலு பேர் மெச்சுவார்கள். ஆனால் அவளுக்குள் யாரோ உஸ்ஸென்று மூச்சு விட்டார்கள். உண்மை என்னவென்றால், வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம் அவளும் பெட்டி முன்னால் போய் நின்றிருந்தாள். குரலைத் தாழ்த்தி, "சுருட்டை திரும்பி வருவாளா?" என்று கேட்டாள்.

ச்சு, ச்சு, ச்சு.

அன்றைக்கு முழுவதும் குழம்பில் உப்புப் போட்டோமா என்பதே அவளுக்கு நினைவில்லை. ‘பல்லி என்று தெரிந்தும் கேட்டேனா, பல்லி என்று தெரிந்ததால்தான் கேட்டேனா?’ இந்தக் கேள்விக்கு இன்றுவரை பதிலில்லை. இன்றைக்கும் பெட்டியைத் துடைத்து முடித்துத் துணியை உதறினாள். வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது.

செங்கோட்டையன் அதே கோட்டு, அதே குல்லா. வாய் நிறையச் சிரிப்பு. பெட்டி பேசுகிற செய்தி சந்தை வழியாக அவர் கடைவரைக்கும் போயிருந்தது. அவருக்குப் பின்னாலேயே ஊரும் வந்து கூடத்தை நிறைத்தது. மருதாத்தாள் முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

"நான் அன்னைக்கே சொன்னனல்லங்கண்ணா? சீமைச் சாமானு கொஞ்சம் நிதானிச்சுத்தான் பேசும்." பழனாத்தாள் பக்கம் திரும்பினார். "உங்க எருமை சௌக்கியமா இருக்குதுங்க அம்மிணி. கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் அந்தப் பால்லதான் காப்பி. கை வெச்சாப் போதும், சொரந்துருது."

பழனாத்தாளுக்கு நெஞ்சில் எதுவோ சுருக்கென்றது. எருமை பால் கொடுத்ததற்கு ஒருத்தி இப்படி நோகலாமா என்று வெட்கமாகவும் இருந்தது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"காதை ஆட்டுதுங்களா?"

"காதா?" அவர் விழித்தார். "அதையெல்லாம் யாருங்க அம்மிணி பாக்கறாங்க?"

அவளுக்கு மூச்சு வந்தது. பால் போனால் போகிறது.

"கயித்தக் கொண்டாங்க, நல்ல நேரத்துல வாங்கிக்கறேன்."

"பெட்டி பேசட்டுமுங்க" என்றாள்.

"அட, தெனமும் பேசுதே!" என்று ஊர் முழுக்கச் சொல்லிற்று. அர்த்தநாரி பெட்டியின் காதைத் திருகினான். வெளிச்சம் வந்தது. சத்தம் வரவில்லை. மருதாத்தாள், "பெட்டீ, என்ற மகன் கல்யாணம் நல்லா நடக்குமா?" என்று கேட்டுப் பார்த்தாள். அதற்கும் வரவில்லை. இவ்வளவு கூட்டத்தைக் கண்டு பல்லி பயந்திருக்கும் என்று பழனாத்தாள் நினைத்தாள்.

செங்கோட்டையனுக்கு வேர்க்க ஆரம்பித்தது. அன்றைக்குத்தான் அந்தக் கோட்டுக்குள்ளும் வேர்வை உண்டென்று ஊருக்குத் தெரிந்தது. "உள்ள ஏதாச்சும் ஆணி தளர்ந்திருக்கும்" என்று பெட்டியைத் திருப்பி, பின்பலகையைக் கழற்றி, குனிந்து, உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

கொழுத்த பல்லி உள்ளேயிருந்து எகிறி அவர் குல்லாவின்மேல் வந்து உட்கார்ந்தது.

கூடமே எழுந்து நின்றது. செங்கோட்டையன் மட்டும் குனிந்தபடியே இருந்தார்.

"அசையாதீங்க! தலைல உழுந்தா என்ன பலன்?"

"கலகம்."

"தலைமயிர்ல பட்டாத்தான் மோசம். சாவு."

"அது மயிர்லயும் படல, தலையிலயும் படலையே. குல்லாவுல உக்காந்திருக்குது."

"குல்லாவுக்குப் பலன் பஞ்சாங்கத்துல போடல."

"வெள்ளைக்காரன் பஞ்சாங்கத்துல இருக்குமோ என்னமோ!"

"யாராச்சும் அதை எடுங்களேன்!" என்று குல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு குரல் கெஞ்சிற்று. பல்லி யாருக்கும் சிரமம் வைக்கவில்லை. தானே இறங்கி, கோட்டுத் தோள் வழியாக ஓடி, மறுபடியும் பெட்டிக்குள் புகுந்துகொண்டது.

எல்லோருடைய பார்வையும் மெதுவாக அர்த்தநாரியின்மேல் வந்து நின்றது. பின்வரிசையில் யாரோ ஒருவன் கனைப்பதற்காகத் தொண்டையைத் தயார் செய்தான். அதற்குள் மருதாத்தாள் கையை உயர்த்திவிட்டாள். மாற்றிய வெற்றிலைபாக்கு அவள் மடியில் கனத்தது.

"அப்ப இத்தன நாளும் சொன்னது நெசக் கவுளிதான்! இதுல என்ன கொறஞ்சு போச்சு? மெட்ராஸ்காரன் சொல்லியிருந்தாத்தான் தப்பிப்போகும். கவுளி சொன்னாத் தப்புமா?"

ஊர் யோசித்தது. பாதி வெட்டின கிணறுகளையும், சமாதானமான பங்காளிகளையும், ஊருக்குப் போன மாமியார்களையும் நினைத்துப் பார்த்தது. "அதுஞ்சரிதான்" என்றது.

"கவுளி இருக்கோணும்னா பெட்டி இருக்கோணுமல்ல?" என்றான் அர்த்தநாரி, உயிர் திரும்பி வந்தவனாக.

செங்கோட்டையன் குல்லாவைக் கழற்றித் தட்டி மறுபடி போட்டுக்கொண்டார். "பாத்தீங்களா! மத்தக் கடைச் சாமான்ல ஒரு கரப்பான்கூடக் குடியிருக்காதுங்க. நம்ம பெட்டியில கவுளியே தங்குதுன்னா எத்தன ராசி! கயித்தக் குடுங்க அம்மிணி."

"குடுத்துரு பழனா" என்றாள் மருதாத்தாள்.

"குடுத்துருங்கக்கா, குடுத்துரு ஆயா" என்றது கூட்டம்.

அர்த்தநாரி அவள் அருகில் வந்தான். மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "மறுக்காவும் கனைப்பானுங்க புள்ள. எனக்காகக் குடுத்துரு" என்றான்.

அதுதான் கஷ்டமாக இருந்தது. அவன் அவளிடம் எதையும் இப்படித் தாழ்ந்த குரலில் கேட்டதே இல்லை. கேட்டுவிட்டு எழுந்து போகாமல் பதிலுக்காக நின்றதும் இதுதான் முதல் தடவை. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். ‘இப்படி நின்றிருந்தால் இத்தனை காலம் உங்களிடமே எல்லாவற்றையும் சொல்லியிருப்பேனே’ என்று நினைத்தாள். பிறகு உள்ளே போய், சுவர் முளையில் தொங்கிய கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தாள். கழுத்து உரசி உரசி ஒரு பக்கம் வழவழவென்றிருந்தது. சுருட்டையின் வாசனை இன்னும் அதில் இருந்தது.

செங்கோட்டையன் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"கவுளி பேசுச்சுங்க" என்றாள் பழனாத்தாள். "பெட்டி பேசலைங்களே."

"எல்லாம் ஒண்ணுதானுங்க அம்மிணி!"

ச்சு, ச்சு, ச்சு என்றது பெட்டிக்குள்ளிருந்து.

"பாத்தியா, குடுக்கச் சொல்லுது!" என்று கூட்டம் குதூகலித்தது. செங்கோட்டையனின் கைகள் இன்னும் கொஞ்சம் நீண்டன.

"சுருட்டையப் பத்தி நான் அதுகிட்ட முன்னாடியே கேட்டுட்டனுங்க" என்றாள் அவள். கயிற்றை முழங்கையில் சுற்றி, முடிச்சுப் போட்டு, கொண்டுபோய் பழைய முளையிலேயே மாட்டினாள். "இது இங்கயே இருக்கட்டுமுங்க."